லேப்டாப்புக்கு ஞாபக மறதி

வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் முதல் சந்தேகம் மச்சினன் மேல்தான் விழும். மிக்ஸி, ஸ்கூட்டர், டி.வி. ரிமோட், எதுவானாலும் சரி. ஆகவே எங்கள் பழைய லேப்டாப் (2013 மாடல், மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும்) திடீரென்று நீலத் திரை காட்டி மண்டையைப் போட ஆரம்பித்தபோது, லீவுக்கு வந்திருந்த மனைவியின் தம்பியைத்தான் கூப்பிட்டு விசாரித்தேன்.

"கண்டதையும் டவுன்லோட் பண்ணினியா?"

"இல்ல அத்தான். கிரிக்கெட் ஸ்கோர் மட்டும்தான் பார்த்தேன்."

"ஸ்கோர் பார்த்தா வைரஸ் வருமா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"அவனை விடுங்க" என்று சமையலறையிலிருந்து உத்தரவு வந்தது. விட்டேன். ஆனால் மனசுக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

வியாதியின் லட்சணம் விசித்திரமாக இருந்தது. காலையில் சமர்த்தாக ஓடும். மதியம் வெயில் ஏறினால் பிரௌசர் தானாக மூடிக்கொள்ளும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் 'ஃபைல் கெட்டிருக்கிறது' என்று பாதியில் நிற்கும். அதே பென் டிரைவை ஆபீஸ் மெஷினில் செருகினால் ஒரு குறையும் இல்லை.

பேட்டையில் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். முதல் தடவை, "விண்டோஸ் போச்சு சார்" என்றார். இரண்டாம் தடவை ஹார்ட் டிஸ்க் போச்சு. புதுசு போட்டுப் பழையதைக் கவரில் சுற்றிக் கையில் கொடுத்தார். மூன்றாம் தடவை ராம் போச்சு, அதையும் மாற்றினார். நாலாம் தடவை, "மதர்போர்டே போச்சு சார், வேற வாங்கிடுங்க" என்றார். நாலு தடவையும் தவறாமல் போனது என் பணம்.

இதோடு போயிருந்தால் எடைக்குப் போட்டிருப்பேன். ஹார்ட் டிஸ்க் மாற்றுவதற்கு முந்தின நாள், முக்கியமான ஃபைல்களையெல்லாம் ஒரே ஜிப் மூட்டையாகக் கட்டி, வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து வைத்திருந்தேன். இப்போது அந்த மூட்டை திறக்க மறுத்தது. உள்ளே இருந்தது அப்பாவின் குரல்.

எண்பதுகளில் அப்பா மஸ்கட்டில் இருந்தார். போன் பேசக் கட்டுப்படியாகாது; கடிதம் எழுத அவருக்குப் பொறுமை கிடையாது. கேசட்டில் பேசிப் பதிவு பண்ணி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அப்படி வந்த ஏழு கேசட்களை 2014-ல் இதே லேப்டாப்பில் ஏற்றினேன். கேசட்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் போயின. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா மாதம் ஒரு தடவையாவது "அந்த மஸ்கட் பேச்சைப் போடேன்" என்பாள். இந்த மாதமும் கேட்டாள். "கரண்ட் இல்லம்மா" என்றேன். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபீஸில் சிஸ்டம்ஸ் செக்ஷன் தம்பி ஒருவர் உண்டு. பேச்சு கம்மி, டீ ஜாஸ்தி. லேப்டாப்பையும் அந்த வெளி டிஸ்க்கையும் அவர் மேஜையில் வைத்தேன். ஜிப் ஃபைலுக்கு செக்சம் போட்டார். செக்சம் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரே ஃபைலுக்கு எத்தனை தடவை போட்டாலும் ஒரே விடைதான் வரவேண்டும். மூன்று தடவை போட்டார். மூன்று விடை வந்தது.

"ஆறும் ஆறும் ஒருவாட்டி பன்னெண்டுங்குது, ஒருவாட்டி பதினாலுங்குது. டிஸ்க் இல்ல சார், வைரஸ் இல்ல. மெமரி."

"அதான் மாத்தியாச்சேப்பா?"

"மாத்தினது ஸ்லாட்ல இருந்தது. போர்டுலயே பத்த வெச்சிருக்கறது?"

எனக்குத் தெரியாது. 2008-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து மாக்புக் ஏர் என்ற ஒல்லி லேப்டாப்பை உருவிக் காட்டினார். அதில் மெமரிக்கு ஸ்லாட்டே கிடையாது. போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிட்டார்கள். அப்புறம் ஒல்லியாக வேண்டும் என்று ஆசைப்பட்ட பலரும் அதே வழிதான். என்னுடையது அரைகுறை: 4 ஜி.பி. போர்டில், 4 ஜி.பி. ஸ்லாட்டில். கடைக்காரர் மாற்றியது நல்ல பாதியை.

மெமரி கெட்டுப்போவது எப்படி? 1968-ல் ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்ட் பேட்டன்ட் வாங்கிய ஏற்பாடுதான் இன்றைக்கும்: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்ஸிஸ்டர், ஒரு துளி கெப்பாசிடர். கெப்பாசிடர் ஓட்டைக் குடம்; ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை எல்லாக் குடத்தையும் திரும்ப நிரப்பியாக வேண்டும். 4 ஜி.பி.யில் இப்படி சுமார் 3,435 கோடி குடம். (எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வாரம் இரண்டு தடவை.) ஏதோ ஒரு குடம் வயசாகி வேகமாக ஒழுகினால், அடுத்த ரவுண்டு வருவதற்குள் 1 என்பது 0 ஆகிவிடும். சூடு ஏறினால் ஒழுக்கும் ஏறும். மதியத்துக் கிறுக்கின் ரகசியம் இதுதான். சர்வர்களில் இந்தத் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தக் கூடுதல் பிட் வைப்பார்கள். நம்மைப் போன்றவர்களின் லேப்டாப்பில் அநேகமாகக் கிடையாது.

"இனிமே இந்த மெஷின்ல எதையும் காப்பி பண்ணாதீங்க" என்றார் தம்பி. "கெட்ட மெமரி வழியா போற ஃபைல் வழியிலயே கெட்டுடும். காப்பி ஆயிடுச்சுன்னுதான் சொல்லும்."

அதாவது, அப்பாவைப் பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று நான்தான் கெடுத்திருக்கிறேன்.

அன்று ராத்திரி மெம்டெஸ்ட்86+ என்ற இலவச புரோகிராமைப் பென் டிரைவில் போட்டு, விண்டோஸைத் தொடாமல் அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பினோம். ஸ்லாட்டில் இருந்ததைக் கழற்றிவிட்டு, போர்டு மெமரியை மட்டும் வைத்து ஓட்டு. முதல் சுற்று சுத்தம். "பார்த்தியா, ஒண்ணுமில்ல" என்றேன். "விடிய விடிய ஓடட்டும் சார்" என்றார். இரண்டாம் சுற்றில், மெஷின் நன்றாகச் சூடானதும், சிவப்பாக ஒரு வரி. அப்புறம் மளமளவென்று பதினொன்று. எல்லாம் அக்கம்பக்கத்து விலாசங்கள்.

"பழைய ஹார்ட் டிஸ்க் எங்க சார்?" என்றார்.

வீட்டில் தேடினேன். "கவர்ல சுத்தி ஏதோ இரும்பு இருந்துதே, அதுவா? பரண்ல கொலு பொம்மையோட இருக்கு" என்றாள் மனைவி. செட்டியார் பொம்மைக்கும் தசாவதார செட்டுக்கும் நடுவில் கிடந்தது. கடைக்காரர் அநாவசியமாகக் கழற்றிய டிஸ்க். அதை ஆபீஸ் மெஷினில் மாட்டினோம். 2014-ல், மெமரி யோக்கியமாக இருந்த காலத்தில் எழுதிய பதினாலு ஃபைல்களும் அப்படியே இருந்தன. கைரேகை எடுத்து, இரண்டு இடத்தில் காப்பி செய்து, மறுபடி கைரேகை ஒப்பிட்டு, அப்புறம்தான் ஒன்றைப் போட்டுக் கேட்டேன். "ஹலோ... ஹலோ... ரெக்கார்டு ஆவுதா?" என்றார் அப்பா. தம்பி டீ குடிக்க வெளியே போய்விட்டார். கடைக்காரரைத் திட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

லேப்டாப்பையும் எடைக்குப் போடவில்லை. போர்டில் உள்ள சிப்பை மாற்ற ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆள் உண்டு. சிப்புக்கு அடியில் வரிசையாக ஈயக் குண்டுகள், வெந்நீர் மாதிரி வெந்காற்று அடித்துக் கழற்ற வேண்டும். பன்னிரண்டு வயசு மெஷினுக்கு அந்தச் செலவு வீண். கெட்ட இடம் ஒரு மூலையில் மட்டும் இருந்தால், 'இந்த விலாசத்துக்குப் போகாதே' என்று சிஸ்டத்திடம் சொல்லி வைக்கலாம். விண்டோஸிலும் கெட்ட மெமரிப் பட்டியல் உண்டு. மெம்டெஸ்ட் காட்டும் விலாசத்தில் கடைசி மூன்று இலக்கத்தை வெட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கோ விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டதால் லினக்ஸுக்குப் போனேன். அதில் மெம்மேப் என்று ஒரு கட்டளை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்லாட் மெமரியைத் திரும்ப மாட்டினால் விலாசங்கள் மாறிவிடும். மாட்டிய பிறகு இன்னொரு ராத்திரி டெஸ்ட் ஓட்டி, அந்த விலாசத்தைத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று: கட்டளையில் '64 கே' என்பதற்கும் விலாசத்துக்கும் நடுவே ஒரு டாலர் குறி வரும். அதன் முன்னால் சாய்கோடுகள் போட்டுக் காப்பாற்றாவிட்டால் வழியிலேயே தின்னப்பட்டுவிடும். நான் போடவில்லை. 'மொத்த மெமரியே 64 கிலோபைட்தான்' என்று புரிந்துகொண்டு லேப்டாப் கறுப்பாக நின்றது. தம்பி சிரித்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

இப்போது 8 ஜி.பி.யில் 64 கிலோபைட்டை, அதாவது 1,31,072 பங்கில் ஒரு பங்கை, வேலி போட்டு ஒதுக்கியாயிற்று. சிவப்பு வரிகள் மெமரி முழுக்கச் சிதறியிருந்தாலோ, லினக்ஸ் முதலில் வந்து உட்காருகிற ஆரம்ப இடத்திலேயே இருந்தாலோ இந்த வித்தை பலிக்காது. எனக்கு அதிர்ஷ்டம். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ராத்திரி டெஸ்ட் ஓட்டுகிறேன். பேங்க் கணக்கெல்லாம் அதில் கிடையாது. அம்மா மஸ்கட் பேச்சு கேட்க மட்டும். அதுவும் காப்பிதான், ஒரிஜினல் பீரோவில்.

பொங்கலுக்கு மச்சினன் வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப ஸ்கோர் பார்த்ததால இல்லியே அத்தான்?"

"இல்லப்பா. உன்னைச் சொன்னது தப்புதான்."

"பரவால்ல அத்தான்" என்றான் பெருந்தன்மையாக.

மிக்ஸி விஷயத்தில் விசாரணை இன்னும் முடியவில்லை.