சென்னை - லண்டன் 8,200 கி.மீ.தான்... ஆனா விமானம் ஏன் சுத்திப் போகுது?

மன்னார்குடியில் ஒரு வீட்டில் பெரியவர் இறந்துவிட்டால், சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "லண்டன்ல இருக்கிற பையன் எப்போ வந்து சேருவான்?" என்பதுதான். ஃப்ரீசர் பெட்டியை எத்தனை நாளைக்குச் சொல்வது, எப்போது எடுப்பது எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான். சென்னை - லண்டன் விமான தூரம் சுமார் 8,200 கி.மீ. ஆனா அந்த எண்ணை மட்டும் வச்சு வர்ற நேரத்தைக் கணக்குப் போட முடியாது. ஏன்?

8,200 கி.மீ. எப்படி வருது?

பூமி உருண்டை. பள்ளிக்கூட உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைப்பதுதான் மிகக் குறைந்த தூரம். சுவரில் மாட்டும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அதே கோட்டில் பறந்தால் சுமார் 250 கி.மீ. கூடிவிடும்.

அந்த நூல் போகும் வழிதான் சிக்கல்

குஜராத்தின் கட்ச், பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், தெற்கு ரஷ்யா, உக்ரைன், போலந்து, ஜெர்மனி... இதுதான் அந்தப் பாதை. இதில் எத்தனை வானம் திறந்திருக்கு?

* உக்ரைன்: போர் தொடங்கிய 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடல்.
* ரஷ்யா: அடுத்த நாளே பிரிட்டன் விமானங்களுக்குத் தடை.
* பாகிஸ்தான்: 2025 ஏப்ரல் 24-ல் இந்திய விமானங்களுக்குத் தடை. மற்ற நாட்டு விமானங்களுக்கு இது பொருந்தாது.
* ஈரான்: 2025 ஜூனில் இஸ்ரேல் தாக்குதலின்போது வான்வெளி மூடப்பட்டது.

2014 ஜூலை 17-ல் கிழக்கு உக்ரைன் மேலே மலேசிய விமானம் எம்.எச்.17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் உயிரிழந்தனர். அதனால, சுத்துறது வீண் செலவு இல்லை, பாதுகாப்பு.

வரும்போது சீக்கிரம், போகும்போது லேட்

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று வீசுகிறது. அதனால் லண்டனிலிருந்து சென்னை வருவதைவிட, சென்னையிலிருந்து லண்டன் போக பெரும்பாலும் கூடுதல் நேரம் ஆகும். ஊருக்கு அவசரமா வர்றவங்களுக்கு காற்று துணைதான்!

டெல்டாக்காரர்கள் எதைப் பார்க்கணும்?

சென்னையில் இறங்கினாலும் மன்னார்குடிக்கு இன்னும் சுமார் 300 கி.மீ. இருக்கு. ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸைத் தவறவிட்டால் பஸ்ஸோ, காரோதான். திருச்சிக்கு வர கொழும்பு வழியும் உண்டு. லண்டன் - கொழும்பு சுமார் 8,700 கி.மீ., அங்கிருந்து திருச்சி சுமார் 420 கி.மீ. ஆக, வான்வழியில் தூரம் கூடுதல்தான். ஆனா கொழும்பில் காத்திருப்பு குறைவாக இருந்தால் வீட்டு வாசலுக்கு முன்னாடியே வந்துவிடலாம்.

டிக்கெட் போடும்போது கிலோமீட்டரை விடுங்க, மொத்த மணி நேரத்தைப் பாருங்க. மாறிப் போகும் விமானம் என்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடுங்க. வானம் மூடி முதல் விமானம் லேட்டானாலும், அடுத்ததில் இடம் தரச் சொல்லிக் கேட்க அதுதான் பிடிமானம்.

ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம் மாறவே இல்லை. வழிதான் மாறிக்கிட்டே இருக்கு.