தருமபுரிக்கு எத்தனை எழுத்து?

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். த, ரு, ம, பு, ரி. ஐந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட சொல்லிவிடும். கம்ப்யூட்டரைக் கேட்டால் எட்டு என்று சொல்லும். அதற்கு ‘ரு’ என்பது ஓர் எழுத்து இல்லை. ரகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. நாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் அதற்குப் புரியும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இருக்கிறது.

போன மாதம் தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகிற பஸ்ஸில், எதிர் சீட்டில் அம்மாவோடு ஒரு கல்லூரி மாணவி. கையில் போன். திரையில் ஐந்து கட்டம், ஆறு வரிசை. வேர்டில். யோசிக்கிறாள், தட்டுகிறாள், நகம் கடிக்கிறாள். நாலாவது வரிசையில் எல்லாக் கட்டமும் பச்சை. அப்புறம் அவள் செய்ததுதான் ஆச்சரியம். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள்.

“அவ்ளோதான் சார், இனிமே நாளைக்குத்தான்.”

“தமிழ்ல விளையாடறது இல்லையாம்மா?”

“ஒண்ணு போட்டுப் பார்த்தேன் சார். விடையைப் பார்த்தா எங்க தாத்தாவுக்கே தெரியாத வார்த்தை. விட்டுட்டேன்.”

இந்த வாரம் என் கோபமெல்லாம் அந்த ‘விட்டுட்டேன்’ மீதுதான்.

வேர்டிலை எழுதியவர் ஜோஷ் வார்டில் என்ற புரோகிராமர். புதிர் பிடித்த தன் துணைவி பலக் ஷாவுக்காக எழுதினார். 2021 நவம்பர் 1ஆம் தேதி அதை விளையாடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் மூன்று லட்சம். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கியது. இந்த வளர்ச்சிக்கு விளம்பரம் காரணமில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல், உலகம் முழுக்க அதே சொல். நம்மை எப்படித் திரையில் கட்டிப்போடலாம் என்றே மற்ற ஆப்கள் அலைகிறபோது, இது ‘போய்ட்டு நாளைக்கு வா’ என்று அனுப்பிவைத்தது.

இன்னொரு காரணம், ஜெயிப்பதற்கு இதில் வழி இருக்கிறது. முதல் சொல்லில் அடிக்கடி வருகிற எழுத்துகளாகப் போடவேண்டும். ‘கிரேன்’, ‘ஸ்லேட்’ மாதிரி. கறுத்த எழுத்தை மறுபடி தொடக்கூடாது. கடைசி நாலு எழுத்து தெரிந்துவிட்டால் ‘லைட்’, ‘நைட்’, ‘ஃபைட்’, ‘சைட்’ என்று ஒவ்வொன்றாகத் தட்டி வாய்ப்பை வீணாக்கக்கூடாது. அந்த முதல் எழுத்துகள் எல்லாம் வருகிற வேறொரு சொல்லைப் போட்டு ஒரே வீச்சில் சல்லடை போடவேண்டும். இரண்டு வாரம் விளையாடினால் ஆங்கில எழுத்துக்கூட்டலின் நாடித்துடிப்பு கைக்கு வந்துவிடும். டியூஷன் ஃபீஸ் கிடையாது.

சரி, இதை அப்படியே தமிழுக்குப் பெயின்ட் அடித்தால்?

கணக்குப் பாருங்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்து. எழுத்து திரும்பாமல் ஐந்து சொல் போட்டால் 25 எழுத்தைச் சோதித்துவிடலாம். தமிழில் 247. அதே ஐந்து சொல்லில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். இது புதிர் இல்லை, குருட்டாம்போக்கு. ஆர்வலர்கள் சிலர் ராத்தூக்கம் கெட்டுத் தமிழில் முயன்றிருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் ஓய்வு நேரத்தில் ஒருவர் செய்கிற வேலையா இது?

விதியைத் தமிழுக்கு ஏற்ப மாற்றவேண்டும். விடை ‘தருமபுரி’. நீங்கள் ‘தர்மபுரி’ என்று போடுகிறீர்கள் (இரண்டு விதமாகவும்தானே எழுதுகிறோம்?). இரண்டாவது கட்டம் என்ன நிறம்? ‘ர்’ தப்பு, ‘ரு’ சரி. ஆனால் பாதி சரிதானே! மெய் சரி, உயிர்தான் மாறிவிட்டது. அதற்கு மூன்றாவதாக ஒரு நிறம் கொடுங்கள். இப்போது தேடவேண்டியது 247 இல்லை. 18 மெய், 12 உயிர், ஆக முப்பது. ஆங்கிலத்தின் 26க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

அதற்கு மேலும் நம் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. பள்ளியில் நம்மைத் தூங்கவைத்த மெய்ம்மயக்கம். தமிழ்ச் சொல்லில் ‘க்’ வந்தால் அடுத்து ககர வரிசைதான். ‘பாலக்கோடு’வில் மூன்றாவது எழுத்து தெரிந்துவிட்டால் நான்காவதன் மெய் தானாகத் தெரிந்துவிடும். ‘த்’ என்றால் தகரம், ‘ப்’ என்றால் பகரம். ட, ண, ழ, ள, ற, ன சொல்லுக்கு முதலில் வராது. ரகரமும் வராது, ‘ராகி’ கடன் வாங்கியது, ‘கேழ்வரகு’ நம்முடையது. க், ச், ட், த், ப், ற் என்று ஒரு தமிழ்ச் சொல் முடியாது. தொல்காப்பியத்திலேயே இருக்கிற விதிகள்! மார்க்குக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோனவை. ஒரு புதிரைக் கொடுங்கள், ‘சார், அந்த விதி என்ன?’ என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

‘பசங்க ஏற்கெனவே போனும் கையுமா இருக்காங்க, நீங்க வேற’ என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம். ஐயா, போனைப் பிடுங்க உங்களால் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அதில் இரண்டு நிமிஷம் தமிழுக்குக் கேட்கிறேன்.

‘பரிசு வெச்சா கூட்டம் அள்ளும்’ என்று இன்னொருவர் வருவார். வேண்டவே வேண்டாம். குறுக்கெழுத்தையே சூதாட்டமாக்கிய நாடு இது. அதனால்தான் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்து, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்று கடிவாளம் போட்டார்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் மறுபடி ஒரு சட்டம். எழுபது வருஷத்தில் இரண்டு தடவை சூடு பட்டாயிற்று. சொல்லைக் கண்டுபிடித்ததற்குச் சொல்தான் பரிசு.

அப்படியானால் என்னதான் குறை? சொல்லுக்கா பஞ்சம்? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1936லேயே ஆறு தொகுதிகளாக முடிந்துவிட்டது. லட்சத்துக்கு மேல் சொற்கள். பொறுக்கி எடுக்கத்தான் ஆளில்லை. வேர்டிலின் வெற்றி ரகசியமே அதுதான். ஆங்கிலத்தில் சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்கள் இருந்தன. பலக் ஷா ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘தெரியும், தெரியாது’ என்று கழித்து, சுமார் 2,500 ஆக்கினார். தாத்தாவுக்கே தெரியாத வார்த்தைகளை அவர் தூக்கி எறிந்ததால்தான் உலகம் விளையாடியது.

தமிழுக்கு நாலு வருஷத்துக்கு 1,461 சொல் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது, பள்ளிக்கல்வித் துறை இருக்கிறது. மாவட்டத்துக்கு நாற்பது சொல் அந்தந்த ஊர் ஆசிரியர்களிடம் கேளுங்கள். ‘படித்தான்’ சேருமா, பெயர்ச்சொல் மட்டும்தானா என்று ஒரு நாள் உட்கார்ந்து சண்டை போட்டு முடிவு செய்யுங்கள். தினத்தாள்களும் ஒரு மூலையில் அச்சிடட்டும். செம்மொழி மாநாட்டுப் பந்தல் செலவுகூட ஆகாது.

தருமபுரியிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம், 68.5 சதவீதம். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண் என்று மேடையில் முழங்குகிறோமே, அந்த மண்தான். அங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு அம்மாவுக்குத் தினம் ஐந்து எழுத்து போதும், படித்தது மறக்காமலிருக்க.

அந்த மாணவி நாளைக்கும் பஸ் ஏறுவாள். ஆங்கிலத்தில் அவளுக்காக ஒரு சொல் காத்திருக்கும். பக்கத்தில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். அவருக்கு ஒரு சொல் யார் வைத்திருக்கிறார்கள்?