அம்புக்குறிக்குள் ஒரு வாழ்வு

கராம்பு, கறுவா ஆகியவற்றின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஆறு காபன் அணுக்கள் கைகோத்த வளையம் ஒன்று உண்டு. இத்தகைய வளையமுடைய சேர்வைகள் பல மணமுடையனவாய் இருந்தமையால் அரோமற்றிக்குச் சேர்வைகள் என்னும் பெயர் இனம் முழுவதற்கும் நிலைத்துவிட்டது. அவற்றுள் மிக எளியது பென்சீன்.

காற்றுப்பட்ட நீரிலே சிறிதளவு பென்சீனைக் கரைத்து, அதனூடே காமாக் கதிர்களைச் செலுத்தினால் பீனோல் உண்டாகும். கரும்பலகையில் இடப்புறம் பென்சீன், வலப்புறம் பீனோல், நடுவே ஓர் அம்புக்குறி என எழுதி முடித்துவிடுகிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆயினும், நடந்தது யாதென்பது அந்த அம்புக்குறிக்குள்ளேயன்றோ இருக்கிறது!

கதிர் பென்சீனைத் தாக்கியது என்று எண்ணத் தோன்றும். அஃது அன்று. ஐதான கரைசலில் எங்கும் நீரே நிறைந்திருத்தலின் அடிபடுவது நீர்தான். நீர் சிதைந்து, இலத்திரனும் ஐதரொட்சில் என்னும் மூலிகமும் பிற சிலவும் தோன்றுகின்றன. சோடி சேராத இலத்திரன் ஒன்றை உடைமையால், எதிர்ப்பட்டதைப் பற்றிக்கொள்வது மூலிகத்தின் இயல்பு. ஐதரொட்சில் பென்சீன் வளையத்தைச் சந்தித்ததும் அதனில் ஒட்டிக்கொள்கிறது. அவ்வாறு பிறப்பது பென்சீனும் அன்று, பீனோலும் அன்று. இடைப்பட்ட புதியதொரு மூலிகம். செக்கனில் ஒரு சிறு கூறு கழியுமுன்னரே அது ஒட்சிசனுடனோ தன் இனத்துடனோ சேர்ந்து மறைந்துவிடும்.

இத்துணைக் குறுகிய வாழ்வுடையதைக் காண்பது எங்ஙனம்? கேம்பிரிட்ஜிலே நொறிஷ், போட்டர் என்னும் இருவர் 1949 இல் ஒரு வழி காட்டினர். கணப்பொழுது மின்னும் ஒளியால் மூலக்கூறுகளை உடைத்து, உடனே வேறோர் ஒளியைச் செலுத்தி, எந்நிறம் உறிஞ்சப்படுகிறதெனப் பார்ப்பதே அம்முறை. 1960 ஆம் ஆண்டளவில் மின்னும் ஒளிக்குப் பதிலாக, செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் இலத்திரன் கற்றையைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1962 இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் டோர்ப்மனும் துணைவரும் பென்சீன் கரைசலை இவ்வாறு ஆராய்ந்தனர். 313 நனோமீற்றர் அலைநீளமுடைய, கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த ஒளி ஒரு கணம் உறிஞ்சப்பட்டு மீண்டது. அம்புக்குறிக்குள் வாழ்ந்த மூலிகம் விட்ட சுவடு அது.

அதே ஆண்டில் ஹார்ட், போக் என்போர், நீரால் சூழப்பட்ட இலத்திரன் செந்நிற ஒளியை உறிஞ்சுவதையும் கண்டறிந்தனர். அது தனிக்கதை, பிறிதொரு வாரம் பார்ப்போம்.

இவ்வாராய்ச்சி ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. நம் உடலிலும் பெரும்பங்கு நீரே. புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை அளிக்கும்போது, நோயுற்ற கலங்களைச் சிதைக்கும் வேலையிற் பெரும்பகுதியை இந்த ஐதரொட்சில் மூலிகமே செய்கிறது. உண்டாகிய சேதம் ஆறாமல் நிலைப்பதற்கு ஒட்சிசன் துணைபுரியும். கட்டியின் உட்பகுதிகளிலோ குருதி ஓட்டம் குறைவு, ஒட்சிசனும் குறைவு. ஆதலின் அங்குள்ள கலங்கள் கதிருக்குத் தப்பிவிடுகின்றன. ஒட்சிசனின் வேலையைச் செய்யவல்ல வேறொரு பொருள் உண்டா? இங்கிலாந்திலே ஜெரால்ட் அடம்ஸ் என்பவரும் துணைவரும், இலத்திரனை விரும்பி ஏற்கும் நைத்திரோ அரோமற்றிக்குச் சேர்வைகளை மேற்கூறிய கற்றை முறையால் அளந்து ஆராய்ந்தனர். அவ்வினத்தைச் சேர்ந்த நிமொரசோல் என்னும் மருந்தை, தலை, கழுத்துப் பகுதிகளிற் புற்றுநோயுற்றோர் கதிர்ச்சிகிச்சைக்குச் சிறிது நேரம் முன்னதாக வாய்வழி உட்கொள்ளும் முறை டென்மார்க்கில் வழக்கத்துக்கு வந்தது.