சுற்றும் ஷார்ப்னரைக் கலர் பென்சிலில் சோதியுங்கள்

சென்ற பள்ளித் திறப்பு சீசனில் கைப்பிடி சுற்றும் மேஜை ஷார்ப்னர் இரண்டு பெட்டி கொள்முதல் செய்தேன். சரக்கு கொண்டுவந்தவர் கருப்புப் பென்சிலைச் செருகி நாலு சுற்று சுற்றினார். ஊசி முனை வந்தது. மறுபேச்சில்லாமல் ஆர்டர் கொடுத்தேன். பத்தே நாளில் பொங்கலூர்க் கடைக்காரர் ஒருவர் ஆறு பீஸைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பின்னலாடை டிசைன் படிக்கும் பெண் ஒருத்தி உடைந்த கலர் பென்சில் துண்டுகளைக் கல்லாவின் மேல் கொட்டி, "அண்ணா, முனை உள்ளேயே ஒடிஞ்சு போகுதுங்க" என்றாளாம்.

தவறு என்னுடையது. கருப்புப் பென்சிலின் உள்ளீடு கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சூளையில் சுட்டது. கலர் பென்சிலில் இருப்பது நிறப்பொடியும் மெழுகும் அல்லது எண்ணெயும், அதைச் சுடுவதில்லை. அந்த மென்மைக்கு ஊசி முனை தாங்காது. ஆகவே முனையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள மிஷினே நல்லது.

துளையையும் பாருங்கள். சாதாரணப் பென்சில் சுமார் 7 மில்லிமீட்டர். ஓவியர்கள் வாங்கும் ஃபேபர்-காஸ்டல் பாலிகுரோமோஸ் 7.6. அது நுழையாவிட்டால் அந்த வாடிக்கையாளர் மறுபடி நம் கடை ஏறமாட்டார். அத்தகைய பென்சில் ஒன்றே நூறு ரூபாயைத் தாண்டும். பிடிக்கும் பல் மேல் பூச்சில் தழும்பு போட்டாலும் முகம் சுளிப்பார்கள். ஸ்பிரிங் பென்சிலை முரட்டுத்தனமாக உள்ளே இழுக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கைப்பிடி லேசாகச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பென்சில் தூளாகிவிடும்.

கட்டரில் மெழுகு அப்பிக்கொள்ளும். இடையிடையே ஒரு கருப்புப் பென்சிலைச் சீவினால் சுத்தமாகும். விற்கும்போதே இதைச் சொல்லுங்கள், பாதிப் புகார் வராது. மாற்றுக் கட்டர் கிடைக்காத மாடலை நான் இனி தொடமாட்டேன்.

ஷார்ப்னருக்கு முன்பு 18 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2023இல் 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் வரியே கிடையாது. குறைந்த பணத்தை இன்னும் மட்டமான சரக்கில் போடாமல், ஒரு படி மேலான மிஷினில் போடலாம் என்பது என் கட்சி. பெட்டியைப் பிரித்து ஒன்றைக் கல்லாப் பக்கம் திருகி வையுங்கள். வருகிறவர் தன் பென்சிலையே சீவிப் பார்க்கட்டும்.

அந்த இரண்டு பெட்டியில் என்னிடம் வாங்கியவர்கள், பில் இல்லாவிட்டாலும் கொண்டுவரலாம்.