குணசீலமா, மாத்திரையா?

1/ திருச்சி, ஸ்ரீரங்கம் வாட்ஸ்அப் குரூப்ல "குணசீலத்துல ஒரு மண்டலம் தங்கினா போதும், மாத்திரை வேண்டாம்"னு ஃபார்வர்டு பண்றவங்களே, கொஞ்சம் நில்லுங்க.

2/ 2002-ல் நிம்ஹான்ஸ் மருத்துவர்களின் ஆய்வு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வேறொரு தமிழ்நாட்டுக் கோயிலில் தங்கிய 31 பேருக்கு, மருந்தில்லாமலே அறிகுறிகள் சுமார் 20% குறைந்தன. உண்மைதான். ஆனா ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்ல. 20% குறைஞ்சா குணமாயிட்டதா அர்த்தமும் இல்ல.

3/ கோயில்னாலே கேலி பண்ற டாக்டர்களே, உங்களுக்கும்தான்: மிரட்டாத, அரவணைக்கிற இடமே நோயாளிக்கு உதவுதுன்னு அந்த ஆய்வு சொல்லுது. நம்ம வார்டு அப்படி இருக்கா?

4/ குணசீலத்துலயே கோயில் சார்பில் அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இருக்கு. தீர்த்தமும் உண்டு, மருத்துவமும் உண்டு. கோயிலே சண்டை போடல. நீங்க ஏன்?

5/ மனச்சிதைவுக்குச் சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கஷ்டம். சாமி கும்பிடுங்க. டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தாதீங்க.