எச்.டி.க்குக் காசு கட்டுறது தண்டமா?

2023 ஆடி மாசம் அம்மா போன் பண்ணினாங்க. வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிஞ்சு வைக்கப் போற நேரத்துல, "ஏப்பா, டி.வி. என்னமோ மங்கலா தெரியுது. ஆளுக மூஞ்சியே சரியா தெரிய மாட்டேங்குது"ன்னாங்க.

நமக்கு ஆபீஸ்ல ஆணி அதிகம். திருமங்கலத்துக்குப் போய்ப் பார்க்க நேரமில்லை. மங்கலா தெரியுதுன்னா என்ன வைத்தியம்? எச்.டி. போட்டுற வேண்டியதுதான். டி.டி.எச். கம்பெனிக்கு ஒரு போன். பழைய டப்பாவுல எச்.டி. வராது, புது டப்பா வேணும்னாங்க. சரின்னேன். மாசாமாசம் வரியோட 118 ரூபாய் கூடுதல்னாங்க. அதுக்கும் சரின்னேன். ரெண்டு நாள்ல ஆள் வந்து மாட்டிட்டுப் போயிட்டார். "இப்ப எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டேன். "நல்லாத்தான்ப்பா இருக்கு"ன்னாங்க. அம்மாவுக்கு ஒரு குறையைத் தீர்த்து வெச்ச திருப்தியோட நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

எச்.டி.க்குக் காசு கட்டுறது சரியா தப்பான்னு நண்பர்கள் மத்தியில அடிக்கடி பட்டிமன்றம் நடக்கும். 118 ரூபாயெல்லாம் ஒரு காசான்னு ஒரு கோஷ்டி. ரெண்டும் ஒண்ணுதான், சும்மா ஏமாத்துறான்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு கோஷ்டியிலயும் நான் இருந்திருக்கேன் என்பதால் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி உண்டு :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நம்ம ஊர்ல எச்.டி. பத்தின பேச்சு சூடு பிடிச்சது 2010-ல. அந்த வருஷம் அக்டோபர்ல டெல்லியில நடந்த காமன்வெல்த் போட்டிகளை தூர்தர்ஷன் எச்.டி.யில ஒளிபரப்பினாங்க. அடுத்த வருஷமே சன் டி.வி.யும் எச்.டி.யில வந்துடுச்சு. கடைக்குப் போனா சுவர் முழுக்க டி.வி. எல்லாத்துலயும் ஒரே படம் ஓடும். கிளி, பவளப்பாறை, தண்ணிக்குள்ள விழுற எலுமிச்சம்பழம். ரெண்டடி தள்ளி நின்னு வாயைப் பொளந்து பார்ப்போம். வீட்டுக்கு வாங்கிட்டு வந்து சீரியல் போட்டா அந்தக் கிளி எங்க போச்சுன்னே தெரியாது. ஏன்?

கணக்கைப் பார்த்துடுவோம். நம்ம நாட்டு எஸ்.டி. படத்துல குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 புள்ளி. பெருக்கினா சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம். முழு எச்.டி.யில 1920-க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். அஞ்சு மடங்கு! விளம்பரக்காரன் இதோட நிறுத்திக்குவான். நாமதான் மிச்சத்தையும் கேக்கணும். அந்த அஞ்சு மடங்கும் நம்ம கண்ணுக்கு வந்து சேருதா?

கண்ணுக்கும் ஒரு எல்லை இருக்கு. நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியை அறுபது கூறு போட்டா வர்ற ஒரு கூறு அளவுக்குத்தான் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைத் தனித்தனியா பிரிச்சுப் பார்க்கும். அதை வெச்சுக் கணக்கு போட்டா, படத்தோட உயரத்தைப் போல சுமார் ஆறு மடங்கு தூரத்தைத் தாண்டி உக்காந்தா எஸ்.டி.யோட 576 வரியையே கண்ணால பிரிக்க முடியாது. அப்புறம் 1080 எதுக்கு? எச்.டி.யோட முழுப் பலனும் வேணும்னா மூணு மடங்கு தூரத்துக்குப் பக்கமா வரணும்.

32 இஞ்ச் டி.வி.யில படத்தோட உயரம் 40 சென்டிமீட்டர்தான். அப்படின்னா எட்டு அடிக்கு மேல தள்ளி உக்காந்தா எஸ்.டி.யும் எச்.டி.யும் கிட்டத்தட்ட ஒண்ணு. நாலடிக்கு வந்தாத்தான் முழு எச்.டி. 43 இஞ்ச்சுக்கு இந்த எல்லை பத்தரை அடி. 55 இஞ்ச்சுக்கு பதிமூணு அடிக்கும் மேல. கடையில ரெண்டடியில நின்னு பார்த்த கிளி, வீட்டு சோபாவிலேர்ந்து பார்க்கும்போது பறந்து போன ரகசியம் இதுதான்.

இது புள்ளிக் கணக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லிடணும். எஸ்.டி. சேனல்களை ரொம்ப அமுக்கி அனுப்பினா, கிரிக்கெட் மாதிரி வேகமா நகர்ற படத்துல புல்தரையே கட்டம் கட்டமா உடையும். அது தூரத்துலேர்ந்தும் தெரியும். சில எஸ்.டி. சேனல்ல சதுரப் படத்தை இழுத்து அகலமாக்கி, எல்லா நடிகைகளுக்கும் பத்து கிலோ ஏத்தி விட்டுருவாங்க. எச்.டி.யில அந்தத் தொல்லை கம்மி. ஆக, எச்.டி. சும்மா ஏமாத்து வேலைன்னு சொல்றதும் தப்பு.

இப்ப திருமங்கலத்துக்கு வருவோம். 2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஹால்ல உக்காந்து டி.வி.யைப் பார்த்தா, எச்.டி. மாதிரியே இல்லை. டி.வி.க்குப் பின்னாடி கையை விட்டுப் பார்த்தேன். ஙே! சிவப்பு, வெள்ளை, மஞ்சள்னு மூணு தலையோட அந்தப் பழைய ஒயரு. அந்த மஞ்சள் ஒயர்ல எச்.டி. படம் வரவே வராது. அது எஸ்.டி. காலத்து ஒயர். டப்பாவுக்குள்ள எச்.டி. வந்தாலும் இவர் அதை எஸ்.டி.யாக்கித்தான் டி.வி.க்கு அனுப்புவார். மாட்ட வந்தவர் புது டப்பாவை வெச்சு, ஏற்கெனவே தொங்கின ஒயரையே சொருகிட்டுப் போயிருக்கார். ஆறு மாசம். 708 ரூபாய். ஒரு புள்ளி கூட எச்.டி. பார்க்கலை.

பஜார்ல போய் எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டினேன். படம் பளிச்சுன்னு ஆச்சு. பக்கத்துத் தெருவிலேர்ந்து கிரிக்கெட் பார்க்க வர்ற சித்தப்பா, முன்னாடி முக்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு, "அடேய், பந்தோட தையலே தெரியுதுடா"ன்னார். எனக்கு ஒரே பெருமை. அம்மா பக்கம் திரும்பி, "எப்படிம்மா இருக்கு?"ன்னேன்.

"அதேதான்ப்பா இருக்கு."

எங்க ஹால்ல அம்மா நாற்காலி டி.வி.யிலேர்ந்து பதினோரு அடி. டி.வி. 32 இஞ்ச். மேல சொன்ன கணக்குப்படி அந்த இடத்துலேர்ந்து பார்த்தா யாருக்குமே பெரிசா வித்தியாசம் தெரியாதுதான். ஆனா தங்கமணி கொஞ்சம் வேற மாதிரி யோசிச்சாங்க. "அத்தை, வலது கண்ணைப் பொத்திக்கிட்டு அந்தக் காலண்டர்ல தேதியைப் படிங்க"ன்னாங்க. அம்மா படிச்சாங்க. "இப்ப இடது கண்ணைப் பொத்திக்கிட்டுப் படிங்க." அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "எங்க இருக்கு காலண்டரு?"ன்னாங்க.

மறுநாளே மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். வலது கண்ணுல புரை நல்லா முத்திப் போயிருக்கு, இடதுலயும் ஆரம்பிச்சிருக்குன்னாங்க. பிப்ரவரியில ஒரு கண்ணுக்கும், கொஞ்ச நாள் விட்டு இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆச்சு. கட்டு பிரிச்சு, சொட்டு மருந்தெல்லாம் முடிஞ்சப்புறம் அம்மா என்னை நேரா பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "என்னடா, இவ்வளவு நரைச்சுப் போச்சு உனக்கு?"

சிரிச்சேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை. அம்மா ஆடியிலயே சொல்லிட்டாங்க, மங்கலா தெரியுதுன்னு. ஆள் மூஞ்சி தெரியலைன்னு. எது மங்கல்னு நான் ஒரு கேள்வி கூட கேக்கலை. கேக்கறதை விட 118 ரூபாய் கட்டுறது சுலபமா இருந்துச்சு. "நல்லாத்தான்ப்பா இருக்கு"ன்னு அம்மா சொன்னதும் பையன் செலவு பண்ணிட்டானேன்னு சொன்னதுதான். அது எனக்கும் உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கும்னு இப்ப தோணுது.

சரி, இனி தீர்ப்பு. சித்திரையில மறுபடி ஊருக்குப் போனப்ப ஒரு சோதனை பண்ணினேன். அம்மாகிட்ட சொல்லாமலே ஒரே சீரியலை எச்.டி. சேனல்லயும் எஸ்.டி. சேனல்லயும் மாத்தி மாத்திப் போட்டேன். பதினோரு அடியிலேர்ந்து அம்மாவுக்கு வித்தியாசமே தெரியலை. அப்புறம் நாற்காலியை ஆறடிக்கு நகர்த்தினேன். செய்தி நேரத்துல எச்.டி. போட்டதும், "இது நல்லா இருக்கு, கீழ ஓடுற எழுத்தெல்லாம் படிக்க முடியுது"ன்னாங்க. பைசா செலவில்லாம நாற்காலி பண்ணின வேலை அது.

அதனால என் கட்சி இதுதான்: எச்.டி. காசுக்குத் தகும், ஆனா கடைசியா காசு கட்ட வேண்டிய விஷயம் அது. முதல்ல ஒயரைப் பாருங்க. அப்புறம் டி.வி. எத்தனை இஞ்ச், நாற்காலி எத்தனை அடின்னு அளந்து பாருங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா கண்ணைப் பாருங்க. இவ்வளவும் சரியா இருந்தா தாராளமா எச்.டி. போடுங்க.

போடும்போதும் மொத்தமா மூட்டை கட்டி வாங்காதீங்க. 2019 பிப்ரவரியில டிராய் புது விதிமுறை நடைமுறைக்கு வந்ததிலேர்ந்து, வேணுங்கிற சேனலை மட்டும் தனித்தனியா எடுத்துக்க நமக்கு உரிமை இருக்கு. எங்க அம்மா பில்லை எடுத்துப் பார்த்தா, ஒரே சேனல் எஸ்.டி. தொகுப்புலயும் இருக்கு, எச்.டி. தொகுப்புலயும் இருக்கு. ரெண்டுக்கும் காசு! ஒரே தொகுப்புக்குள்ள ஒரு சேனலோட ரெண்டு வடிவத்தையும் போடக்கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா நாமளே ரெண்டு தொகுப்பை வாங்கினா யார் தடுப்பாங்க? உங்க பில்லையும் ஒரு தடவை வரி வரியா படிச்சுப் பாருங்க.

எதுக்கு எச்.டி., எதுக்கு எஸ்.டி.? கிரிக்கெட்டுக்கு எச்.டி. கண்டிப்பா வேணும். பழைய படங்களைப் பொறுத்தவரை விஷயம் தலைகீழ். அந்தக் காலத்து 35 எம்.எம். பிலிம்ல எச்.டி.யை விட அதிக விவரம் இருக்கும். நெகட்டிவ் நல்லா இருந்து, புதுசா ஸ்கேன் பண்ணியிருந்தா சிவாஜி படம் கூட எச்.டி.யில ஜொலிக்கும். பழைய வீடியோ டேப்புல எடுத்த தொண்ணூறுகளோட சீரியலை எச்.டி. சேனல்ல போட்டாலும் அதே மங்கல்தான். இல்லாத புள்ளி எங்கேர்ந்து வரும்?

"போன்லயே எல்லாம் வருதே, இன்னும் எதுக்கு டப்பா?"ன்னு சிலர் கேப்பீங்க. நியாயம்தான். என் வீட்டுல டப்பாவை எடுத்து ரொம்ப நாளாச்சு. ஆனா எங்க அம்மாவுக்கு டி.வி.ன்னா ரிமோட்ல மூணு நம்பரை அமுக்கினா சீரியல் வரணும், அவ்வளவுதான். பாஸ்வேர்டு, அப்டேட்டெல்லாம் அவங்ககிட்ட செல்லாது.

இப்ப அம்மா வீட்டுல ரெண்டே ரெண்டு எச்.டி. சேனல்தான். ஒண்ணு அம்மாவுக்கு, இன்னொண்ணு சித்தப்பாவோட கிரிக்கெட்டுக்கு. மிச்சமெல்லாம் எஸ்.டி. பில் முன்னை விடக் குறைஞ்சிருக்கு. நாற்காலி ஆறடியில இருக்கு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது, "டி.வி. எப்படிம்மா தெரியுது?"ன்னு இப்பவும் கேக்கறேன். பதிலுக்கு "நல்லாத்தான்ப்பா இருக்கு"ன்னு சொன்னா விடறதில்லை. கீழ ஓடுற எழுத்தைப் படிக்கச் சொல்றேன்.

டிஸ்கி: கண் டெஸ்ட் பண்ணினது, காலண்டர் காட்டினது எல்லாம் தங்கமணி ஐடியா. ஒயர் கண்டுபிடிச்சது மட்டும்தான் நான். இதையும் எழுதணும்னு மேலிடத்து உத்தரவு.