கோழி ஆராய்ச்சியும் கொட்டகைக்காரர் கூலியும்

பல்லடத்திலிருந்து உடுமலைப் பக்கம் போகிறவர்கள் சாலையின் இருபுறமும் நீள நீளமான கொட்டகைகளைப் பார்த்திருப்பார்கள். பக்கவாட்டில் கம்பிவலை, மேலே ஓடு அல்லது சிமெண்ட் அட்டை, உள்ளே ஐயாயிரம், பத்தாயிரம் என்று வெள்ளைக் கோழிகள். பஞ்சாலை மூடியபோது கைக்கு வந்த பணத்தைப் போட்டுக் கொட்டகை கட்டியவர்கள் இவர்களில் உண்டு. தறியை விற்றுவிட்டு வந்தவர்கள் உண்டு. இரண்டு ஏக்கர் வானம் பார்த்த பூமியைப் பாங்கியில் அடகு வைத்தவர்களும் உண்டு. ஊரில் இவர்களுக்குப் பெயர் “பண்ணை முதலாளி”. அப்படிப்பட்ட ஒரு முதலாளியின் கணக்கு நோட்டை அவரோடு உட்கார்ந்து நாம் பார்த்தோம்.

குஞ்சு கம்பெனியுடையது. தீவனம் கம்பெனியுடையது. மருந்தும் கம்பெனியுடையது. நாற்பது நாள் கழித்து லாரியில் ஏறும் கோழியும் கம்பெனியுடையதே. கொட்டகை, தண்ணீர், மின்சாரக் கட்டணம், குஞ்சுக்குச் சூடு காட்டும் கரி, தரையில் பரப்பும் தென்னைநார்த் தூள், இரவு பகல் கண்விழிப்பு, இவையெல்லாம் பண்ணைக்காரருடையவை. இதற்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று “வளர்ப்புக் கூலி” கிடைக்கும். கறிக்கடையில் விலை எவ்வளவு ஏறினாலும் கூலி ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். கோழி போன பிறகு தரையில் மிஞ்சும் எருதான் அவருக்கு முழுச் சொந்தம்!

ஆலைத் தொழிலாளி கூலிக்கு வேலை செய்கிறார், இயந்திரம் முதலாளியுடையது. இங்கோ கூலிக்காரரே கடன் வாங்கி இயந்திரத்தையும் கொண்டுவர வேண்டும். இவரை முதலாளி என்று அழைப்பதைப் போல் ஒரு கேலி உண்டா?

கூலியாவது முழுதாக வருகிறதா? இல்லை. ஒரு கிலோ எடை ஏற எவ்வளவு தீவனம் செலவாக வேண்டும், நூற்றுக்கு எத்தனை கோழி சாகலாம் என்றெல்லாம் கம்பெனி அளவு வைத்திருக்கிறது. தீவனம் கூடினால் பிடித்தம். சாவு கூடினால் பிடித்தம். இந்த அளவுகளை யார் வகுத்தார்கள்? ஆராய்ச்சியாளர்கள் வகுத்தார்கள் என்பது பதில். ஆகவே ஆராய்ச்சியின் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1948-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் “நாளைய கோழி” என்ற போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. பணம் கொடுத்தது ஒரு பெரிய மளிகைக் கடைக் கம்பெனி. துணை நின்றது சர்க்காரின் விவசாய இலாகா. நெஞ்சுக்கறி அதிகமாக, தீவனம் குறைவாக, சீக்கிரம் வளரும் கோழியை யார் உருவாக்குவது என்பதே போட்டி. கலிபோர்னியாவைச் சேர்ந்த வான்ட்ரஸ் என்பவரின் கலப்பினக் கோழி வென்றது. இன்றைய இறைச்சிக் கோழிக்கு வழி திறந்தது இப்படித்தான்.

எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்குக் கனடாவில் ஒரு சோதனை இருக்கிறது. அங்கே ஆல்பர்ட்டா சர்வகலாசாலையில் 1957-ஆம் வருஷத்து ரகத்தையும் 1978-ஆம் வருஷத்து ரகத்தையும் மாறாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றோடு 2005-ஆம் வருஷத்து ரகத்தையும் சேர்த்து, ஒரே தீவனம் போட்டு வளர்த்து, முடிவை 2014-ல் வெளியிட்டார்கள். 56-ஆம் நாள் நிறுத்தபோது 1957 ரகம் 905 கிராம். 1978 ரகம் 1,808 கிராம். 2005 ரகம் 4,202 கிராம்! தீவனம் ஒன்று, பராமரிப்பு ஒன்று. வித்து மட்டுமே வேறு.

இது மனித மூளையின் சாதனை. இதை நாம் பழிக்கவில்லை. ஒரு காலத்தில் கோழிக்கறி என்றால் தீபாவளிக்கும் மாப்பிள்ளை விருந்துக்கும்தான். இன்று கூலிக்காரர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கிறது. நாமக்கல் முட்டை சத்துணவுத் தட்டில் விழுகிறது. விஞ்ஞானம் இல்லாமல் இது நடந்திருக்காது.

நாம் கேட்பது வேறு கேள்வி. இந்த விஞ்ஞானம் எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது?

சீக்கிரம் சதை போடும் கோழிக்கு இதயமும் காலும் அதே வேகத்தில் வலுப்பதில்லை. நின்ற இடத்தில் திடீரென்று விழுந்து சாகும். வெயில் தாங்காது. சித்திரை வெயிலில் கோணிச்சாக்கை நனைத்துக் கட்டி, கூரைமேல் தண்ணீர் அடித்து, விசிறி ஓட்டியும் ஒரே மத்தியானத்தில் நூற்றுக்கணக்கில் போவதைக் கொட்டகைக்காரர்கள் அறிவார்கள். இந்தப் பலவீனம் வித்திலேயே இருக்கிறது. உலகத்து இறைச்சிக் கோழி வித்தில் பெரும்பகுதி இரண்டே கம்பெனிகளின் கையில் இருக்கிறது. அதன் குஞ்சை வைத்து அடுத்த தலைமுறை எடுத்தால் அதே குணம் வராது. ஒவ்வொரு முறையும் அவர்களிடமே போக வேண்டும். வித்தின் லாபம் அங்கே, வித்தின் பலவீனத்துக்குப் பிடித்தம் இங்கே!

தீவனத்தையும் பாருங்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. ஆராய்ந்தபோது தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது தெரிந்தது. அந்தப் பூஞ்சை நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அளவு குறைவாக இருந்தால் கோழி சாகாது. எடை ஏறாமல் நோஞ்சானாக நிற்கும். ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் இது வரும். இப்போது சொல்லுங்கள்: மூட்டை கம்பெனியிடமிருந்து வருகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று கொட்டகைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எடை ஏறாவிட்டால் “வளர்ப்பு சரியில்லை” என்று அவர் தலையில் எழுதுகிறார்கள். நாம் பார்த்த நோட்டில் ஒரே வருஷத்தில் இப்படி இரண்டு பிடித்தங்கள். எதிலும் தீவனத்தைச் சோதித்த சீட்டு கிடையாது.

மருந்து விஷயம் இன்னும் பெரியது. தீவனத்தில் சிறிது ஆன்டிபயாடிக் கலந்தால் குஞ்சு வேகமாக வளர்கிறது என்று 1950-ல் அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். நோயில்லாத கோழிக்கும் தினசரி மருந்து என்ற வழக்கம் உலகமெங்கும் பரவியது. இதனால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று 1969-லேயே பிரிட்டனில் ஒரு கமிட்டி எச்சரித்தது. ஸ்வீடன் 1986-ல் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதைத் தடுத்தது; ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 2006-ல் தடுத்தன. நமது நாட்டிலோ, வேறு மருந்து கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைக் கூடக் கோழிக்குப் போட்டார்கள். 2019-ல்தான் மத்திய சர்க்கார் அதைத் தடை செய்தது. கம்பெனி மிச்சம் பிடித்தது சில கிராம் தீவனம். ஆஸ்பத்திரியில் ஊசி கேட்காமல் கிடக்கப் போகிறவர் யார்? தனியார் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுக்கப் பணமில்லாத நம்மவர்தான்.

பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைந்து இருமிய ஆலைத் தோழர்களுக்கு அடுத்ததை விளக்க வேண்டியதில்லை. கொட்டகையில் தூசியும் உண்டு, எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் உண்டு. கண் எரியும், மூச்சு இழுக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்குக்கு மேல் அம்மோனியா போகக் கூடாது என்று ஆராய்ச்சிப் புத்தகங்கள் சொல்கின்றன. எதற்காக? மேலே போனால் கோழியின் எடை குறையுமாம்! அதே காற்றை உள்ளிழுத்து எருவை வாரும் பெண்ணின் நெஞ்சைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. முட்டைக் கோழிகளைக் கூண்டில் அடைக்கும் கொடுமையைப் பற்றிச் சட்டக் கமிஷன் 2017-ல் ஓர் அறிக்கையே கொடுத்தது. கோழிக்கு இறக்கை விரிக்க இடம் வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கூண்டு வரிசையின் கோடியில் தகர அறையில் குடும்பத்தோடு படுத்திருக்கும் பீகார், ஒரிசாக் கூலிகளைப் பற்றியும் ஒரு கமிஷன் வரட்டும்.

இங்கே கொட்டகைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி உங்களைப் பிழிகிறது என்பதால் நீங்கள் கூலியாளைப் பிழிவது நியாயமாகாது. குஞ்சு இறக்கவும் கோழி பிடிக்கவும் வருகிற ஆட்களுக்கு இரவு வேலைக்கு இரவுக் கூலி கொடுக்காமல், கம்பெனியிடம் மட்டும் நியாயம் கேட்டால் யார் உங்கள் பக்கம் நிற்பார்கள்? அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். அப்போதுதான் கோரிக்கைக்குப் பலம்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள மத்திய சர்க்கார் கோழி ஆராய்ச்சி நிலையம் வனராஜா, கிராமப்ரியா என்ற ரகங்களைப் புறக்கடை வளர்ப்புக்காகவே உருவாக்கியது. நமது கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழிகள் இருக்கின்றன. வெயில் தாங்கும், வீட்டுக் கழிவைத் தின்றும் வளரும். நாற்பது நாளில் இரண்டு கிலோ ஆகாது, உண்மைதான். ஆனால் கோழியும் முட்டையும் வளர்ப்பவருக்கே சொந்தம். ஜனங்களின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி இது. கேட்கிற குடும்பத்துக்கெல்லாம் இந்தக் குஞ்சு தடையின்றிக் கிடைக்கும்படி சர்க்கார் பொரிப்பகங்களைப் பெருக்கட்டும்.

ஒப்பந்தக் கொட்டகைகளுக்கு உடனடியாகச் செய்ய வேண்டியதும் உண்டு. விளைபொருளையும் கால்நடையையும் சேர்த்து ஒப்பந்த விவசாயச் சட்டம் ஒன்றைத் தமிழக சட்டசபை 2019-ல் நிறைவேற்றியது. இந்தியாவிலேயே முதல் சட்டம் என்று பெருமை பேசினார்கள். அந்தப் பெருமை கொட்டகை வாசலுக்கு வரட்டும். தீவனம் இறங்கும்போதே இரு தரப்பும் பார்க்க ஒரு மாதிரி எடுத்து முத்திரை வைக்க வேண்டும். எடை ஏறாவிட்டால் அந்த மாதிரி சர்க்கார் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். முடிவு வரும்வரை ஒரு காசு பிடிக்கக் கூடாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. செலவைக் கம்பெனி ஏற்கட்டும். வெயில் சாவைக் கூலியில் கழிக்கக் கூடாது. வளர்ப்புக் கூலியை நிர்ணயிக்கும்போது மின்சாரம், கரி, பாங்கி வட்டி, கூலியாள் சம்பளம் நான்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சில் கலெக்டர், கம்பெனி, கொட்டகைக்காரர் மூவரோடு கூலியாட்களின் பிரதிநிதியும் உட்கார வேண்டும்.

நாம் பார்த்த அந்த நோட்டின் சொந்தக்காரர் அடுத்த குஞ்சு இறங்கும் நாளில் மாதிரி எடுத்து வைக்கத் துணிப்பை தைத்து வைத்திருக்கிறார். கம்பெனி மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட மறுத்தால் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.